கழுத்துப் பலகை

அந்த மிஷன் விடுதிப் பள்ளியில் தமிழ் பேசி அகப்பட்டவன் கழுத்தில் ஒரு மரப்பலகை ஏறும். இன்னொருவன் தமிழில் வாய் திறப்பதைக் கேட்டால் அவன் கழுத்துக்கு அதை மாற்றிவிடலாம். சாயங்காலம் பலகை யாரிடம் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. அதன் பிறகுதான் ஜெபம். பிற்காலத்தில் சபையையே இரண்டாகப் பிளந்த ஞானசிகாமணிக்கு அப்போது யாரையும் காட்டிக்கொடுக்க மனம் வராது. அதனால் பலகை அவன் கழுத்திலேயே கிடந்தது.

அன்று பிரம்பு முதுகுத் தோலைக் கிழித்தபோது, "எம்மா! வலிக்கி சார்!" என்று அலறிவிட்டான்.

"இன் இங்கிலீஷ்!" என்று உறுமினார் யேசுவடியான் வாத்தியார். அதே இடத்தில் மறுபடி விளாசினார். சதை பிய்ந்தது.

ஞானசிகாமணி சட்டென்று திரும்பி, பிரம்பைப் பிடித்திருந்த கட்டைவிரலைக் கவ்வினான். பல் எலும்பில் முட்டியது.

"எம்மா! ஏல, விடுல! செத்தேன்!"

வாத்தியார் முழங்காலில் சரிந்தார். பிரம்பு கீழே விழுந்தது.

ஞானசிகாமணி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். பலகையைக் கழற்றி, குனிந்திருந்த அந்தக் கழுத்தில் மாட்டினான்.

ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. அவன் பிரம்பை எடுத்தான்.