குறுக்கே நின்ற ரோலர்

வேனில் இருந்தவர்கள்: ஓட்டுநர் பிச்சையா. அவர் பக்கத்தில், ஒரகடம் கார் கம்பெனியில் டிரெய்னியாக இருக்கும் அருள்பாண்டி. பின்னால் செல்போன் கம்பெனி மாரிசெல்வி. ஜன்னலோரம், பக்கத்து ஊரில் ஏறிய சுடலைக்கண்ணு அண்ணாச்சி. மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கினார்கள். அவர்கள் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான்.

எல்லோரும் ஊரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள். மதிய ஷிப்டுக்கு வந்து நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சூப்பர்வைசர் அருள்பாண்டிக்குப் போனில் சொல்லிவிட்டார்.

திருச்சி தாண்டியதிலிருந்து வழி நெடுக ரோட்டு வேலை. 'மாற்றுப்பாதையில் செல்லவும்' பலகை வரும்போதெல்லாம் சுடலைக்கண்ணு வெளியே தலையை நீட்டித் திட்டினார்.

"ரோடு போடச் சொன்னா குழி வெட்டி வெளையாடுதானுவ. ஒருத்தனுக்காவது பொறுப்பு உண்டா?"

அவர் ஏதோ பெரிய அதிகாரி என்றே அருள்பாண்டி நினைத்தான். திண்டிவனம் பக்கம் பிச்சையா மண்பாதையில் இறக்கப் போனபோதுகூட அவர்தான் தடுத்தார்.

"எறக்காதேயும்வே. மண்ணு இன்னும் அமுங்கல."

முந்திக்கொண்டு இறங்கிய லாரி அச்சு வரை புதைந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி ஒரகடம் ரோட்டைப் பிடித்ததும் அருள்பாண்டிக்கு உயிர் வந்தது. கொஞ்ச தூரம்தான். வேன் நின்றுவிட்டது. முன்னால் கம்பெனி பஸ்களும் டிரெய்லர்களும் கண்ணுக்கெட்டிய மட்டும் நின்றன.

இறங்கி ஓடினான். சிவப்புக் கொடியை மடியில் போட்டுக்கொண்டு ஒருவர் கல்லின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பண்ணே வழி விடுவீங்க?"

"அந்தப் பக்கம் நேத்து தோண்டிட்டாங்கபா. இந்தப் பக்கம் உட்லாம்னா, தோ, ரோலர் குறுக்க நின்னுகினு கீது."

"அத நவுத்த வேண்டியதுதான?"

"நீ வேணா தள்ளிப் பாரேன். ஓட்றவன் சாவிய எடுத்துகினு ஊருக்குப் போய்ட்டான். போனப் போட்டா எடுக்க மாட்றான்."

அருள்பாண்டி மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். வேனுக்குள் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான்.

"எவனோ ஒருத்தன் சாவியக் கொண்டு போனதுக்கு என் வேலை போவுது. அவன் மட்டும் கையில கெடைச்சான்..."

"அவனையே ரோட்டுல படுக்கப் போட்டு அந்த ரோலர ஏத்தணும்" என்றாள் மாரிசெல்வி.

"ரெண்டு தடவ ஏத்தணும்" என்றார் பிச்சையா.

சுடலைக்கண்ணு யாரையும் திட்டவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காலடியில் இருந்த பையைத் தோளில் மாட்டினார்.

"தம்பி, கதவத் தெற. ஒண்ணுக்கு வருது."

"இப்பத்தான போய்ட்டு வந்திய, அண்ணாச்சி?"

"சுகர்லா தாயி, என்ன செய்யச் சொல்லுத?"

"அதுக்குப் பை எதுக்கு?"

"மாத்திரை இருக்கு."

அவர் இறங்கிப் பஸ்களின் இடுக்கில் நுழைந்து விறுவிறுவென்று நடந்தார். அருள்பாண்டி கதவை ஓங்கிச் சாத்தி உள்ளே பூட்டினான்.

"வழி விட்டா இவருக்காவ நிக்காதீங்கண்ணே."

புழுதிக்கு அந்தப் பக்கமிருந்து கொடிக்காரரின் குரல் கேட்டது.

"டேய், வந்துட்டான்டா நம்ம ரோலர்க்காரன்!"