ரப்பர் பட்டை

ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் ஓர் இழை மிதந்துகொண்டிருந்தது. தீ அதைச் சுடாது, கண்ணுக்கும் தெரியாது. காலையில்தான் மேனேஜர், "வெறும் தூசிப்பா, வெல்லம் தின்னா இறங்கிடும்" என்று தொழிலாளி மரியசூசைக்கு ஒரு கட்டி கொடுத்திருந்தார்.

இழை மேனேஜரின் அறைக்குப் போனது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது.

"நீ எதுக்கு இங்கே?" என்று இழை பட்டையைக் கேட்டது.

"உன்னை உள்ளே விடாம இருக்கத்தான்."

"என்னையா? எப்போலேர்ந்து?"

"ஆலை திறக்கறதுக்கு முந்தின நாள்லேர்ந்து."

இழை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. முதல் மெஷின் ஓடுவதற்கு முன்பே ஒரு மனிதர் தன்னை அறிந்து வைத்திருக்கிறார்.

"எப்பேர்ப்பட்ட அறிவு" என்று வியந்தபடி அது மெஷின்கள் பக்கம் திரும்பி வந்தது.

வெல்லத்தைக் கடித்துக்கொண்டே மரியசூசை மூச்சை இழுத்தார். அங்கே கதவே இல்லை.