ஆறாவது வரி

தந்தையைத் தொட்டாலும் மருமகள்தான் வந்தாள்.

தாயைத் தொட்டாலும் மருமகள். தாய்மாமனைத் தொட்டாலும் மருமகள்.

ஸ்ம்ருதி மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையை முறைத்தாள்.

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் ஒரு திருமணத் தகவல் மையத்துக்கான பதிவுப் படிவம் அது. ‘பதிவு செய்பவர் வரனுக்கு என்ன உறவு?’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் உறவுகளின் பட்டியல் கீழே விரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெயர் பட்டனின் மேல் வந்து உட்கார வேண்டும்.

நேற்றுவரை ஐந்து உறவுகள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. இன்று காலை ஆறாவதாக ‘மருமகள்’ என்று ஒரு வரி சேர்த்தாள். அதிலிருந்து எதைத் தொட்டாலும் அவளே வந்து நின்றாள்.

“பாத்தியா? உன் மருமக வந்த முதல் நாளே மொத்தக் குடும்பத்தையும் வெளிய தள்ளிட்டா,” என்றான் ஷ்யாம்சுந்தர். ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டே அறை கொண்ட அந்த அலுவலகத்துக்கு அவன்தான் டீம் லீட்.

அவள் சிரிக்கவில்லை.

“கிளையன்ட் கேட்டது அஞ்சு. நீ போன்ல நச்சரிச்சதால அந்த ஓனர் சரின்னாரு. நாலு மணிக்கு அங்க இன்ஸ்டால் பண்ணணும். மூணுக்குள்ள சரியாகலேன்னா பழைய அஞ்சுதான் போகும். வேணும்னா ‘மற்றவர்’னு ஒண்ணு போட்டுக்கோ.”

“மத்தவங்க இல்ல ஷ்யாம். மருமகள்.”

“உன் நாத்தனார் ப்ரியா பொத்தேரில இப்பதானே காலேஜ் செகண்ட் இயர்? அதுக்குள்ள அவளைத் தள்ளிவிட என்ன அவசரம்?”

ஸ்ம்ருதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன், கீரை ஆய்ந்துகொண்டே அத்தை சொன்னது காதிலேயே இருந்தது.

“அங்க போனா யார் பதிவு பண்றதுன்னு கேப்பாங்க. அதுல மருமகள்னு ஒரு இடம் இருக்கட்டும், அப்புறம் நான் வாயே திறக்கல. வேற உறவைப் போட்டு ஏமாத்தற வேலையெல்லாம் வேண்டாம்.”

அப்படி ஓர் இடம் இல்லை என்று அத்தைக்குத் தெரியும். அந்த ஐந்து உறவுகளையும் ஒருநாள் சாப்பிடும்போது விரல்விட்டு ஒப்பித்ததே ஸ்ம்ருதிதான். அதை வைத்தே அவளை மடக்கிவிட்டார்.

ஒரு வருடம் கெஞ்சியும் கிடைக்காத சம்மதம் இப்போது ஒற்றை வரியில் நின்றது. கணவன் பத்ரியோ, “உன் பாடு, அம்மா பாடு,” என்று சட்டைக்கு இஸ்திரி போடுவதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மணி இரண்டே கால்.

முன்பு ஐந்து வரிகளும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இன்று காலை ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சுற்றும் ஒரே லூப்புக்குள் போட்டிருந்தாள். அங்கேதான் கோளாறு.

யாராவது கிளிக் செய்யும்போதுதான் ஒவ்வொரு வரியும் தன் பெயரைத் தேடிப் போனது. அதற்குள் லூப் ஓடி முடிந்து, கடைசிப் பெயரில் நின்றிருந்தது.

மெனுவில் ஏறும்போதே ஒவ்வொரு வரியிடமும் அதன் பெயரைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம். திருத்த அரை வரி.

ஓடவிட்டாள்.

தந்தைக்குத் தந்தை வந்தார். தாய்க்குத் தாய். சகோதரர், சகோதரி, தாய்மாமன் எல்லோரும் அவரவர் பெயரோடு திரும்பி வந்தார்கள்.

ஆறாவதைக் கடைசியாகத் தொட்டாள்.

மருமகள்.

“சரி தாயே, கிளம்பு,” என்றான் ஷ்யாம். கடிகாரத்தில் மூன்றாக எட்டு நிமிடம் இருந்தது.

தகவல் மையத்தில் கணினி முன்னால் உட்காரும் கெசியா, புதிய படிவத்தை ஆசையாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஸ்ம்ருதி பட்டியலை விரித்து, திரையைப் போனில் படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினாள்.

இரண்டு நீல டிக் வந்தது.

‘டைப்பிங்’ என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

‘சரி. போடு.’

ஸ்ம்ருதி மூச்சை விட்டாள்.

“ஒரு டெஸ்ட் என்ட்ரி போட்டுப் பாக்கலாமா மேடம்?” என்றாள் கெசியா.

“டெஸ்ட் வேணாம். நிஜமாவே ஒண்ணு இருக்கு.”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

பதிவு செய்பவர்: மருமகள்.

மணமகள் பெயர்: அபிதகுஜாம்பாள்.

மணநிலை: கணவரை இழந்தவர்.

கெசியாவின் முகம் வாடிவிட்டது. “அச்சோ, சின்ன வயசுலயேவா மேடம்? உங்க நாத்தனாரா?”

ஸ்ம்ருதி வயதுக்கான பட்டனை அழுத்தினாள். இது ஷ்யாம் செய்த பட்டியல். வயதுக்கு ஒரு வரியாகப் பதினெட்டில் தொடங்கி இறங்கியது. முப்பது. நாற்பது. நாற்பத்தைந்தில் நின்றுவிட்டது.

மவுஸின் சக்கரத்தை மறுபடி உருட்டினாள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“இப்போதைக்கு இருக்கறதுல ஏதாவது ஒண்ணைப் போட்டுடுங்க மேடம். நேர்ல வரும்போது சொல்லிக்கலாம்.”

“பொய்யா எதுவும் போடறதா இல்ல. இங்க பிளக் பாயின்ட் எங்க இருக்கு?”

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, கெசியாவின் மேசையில் இருந்த ஃபைல்களை ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அத்தைக்கு இன்னும் ஏழு வரிகள் வேண்டியிருந்தன.