டெனிஸ்ரனின் தனிக் கூழ்

“டெனிஸ்ரனுக்கு மட்டும் ஏன் வேற சட்டி?”

பக்கத்து வீட்டு மேரிஜோசப்பின் அக்கா கேட்ட கேள்வியில் எல்லாரும் கூழ் குடிப்பதை நிறுத்தினார்கள். கிண்ணமாய் மடித்த பனையோலைப் பிளாவைக் கீழே வைத்தால் கூழ் ஊற்றுண்டுவிடும். அதனால் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து, அல்லைப்பிட்டியில் ஜெனீற்றா வீட்டு முற்றத்தில் நண்டுக் கூழ். தம்பி டெனிஸ்ரன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த சந்தோசத்துக்கு.

அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது ஊருக்கே தெரியும். அப்படியானவர்களுக்கு அரிதாக வரும் நிணநீர்ப் புற்றுநோய் குடலில் வந்து, ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பசியையே மறந்திருந்தவன் இப்போதுதான் வாய் திறந்து கூழ் கேட்டிருக்கிறான்.

அந்தக் கூழைத்தான் ஜெனீற்றா தனியாகக் காய்ச்சி, மூடி போட்ட கோப்பையில் ஊற்றி, அவனுக்கு ஆறடி தள்ளிக் கதிரையும் போட்டிருந்தாள். எல்லாரும் ஒரே பானையைச் சுற்றி இருந்து குடிக்கிற கூழை!

“கூட இருந்து சாப்பிட்டாத் தொத்தாது எண்டு சுகாதாரக் கூட்டத்தில படிச்சுப் படிச்சுச் சொன்னவை. நீர் ஒரு ரீச்சர். உமக்குத் தெரியாதே?”

“அது தெரியும் மேரியக்கா, இது...”

“தெரிஞ்சுகொண்டும் சொந்தத் தம்பியை இப்பிடிச் செய்யலாமோ?”

“மேரியக்கா, அது வந்து...” என்று டெனிஸ்ரன் வாயெடுத்தான்.

“நீர் பேசாம இரும் தம்பி. உமக்காகத்தானே நான் கதைக்கிறன்!”

நல்ல மனுசிதான். ஆனால் நியாயம் கதைக்கத் தொடங்கினால் மற்ற ஆளுக்கு வாய் திறக்க இடமிராது.

விறுவிறென்று போய் அவனுடைய கோப்பையைத் தூக்கினாள்.

“எல்லாரும் பாருங்கோ! தம்பியின்ர கோப்பையில நான் குடிச்சுக் காட்டுறன்.”

“ஐயோ, வாய் வையாதேங்கோ!” ஜெனீற்றா பாய்ந்து வந்து பறித்தாள்.

“பாத்தீங்களே? எனக்கு வந்திடுமெண்டு பயப்பிடுறா!”

டெனிஸ்ரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மேரியக்கா, என்னட்டை இருந்து உங்களுக்கு ஒண்டும் வராது. புற்றுநோய்க்கு மருந்து ஏத்தினதில என்ர உடம்பில எதிர்ப்புச் சக்தி துப்பரவா இல்லை. ஆரிட்டையாவது இருந்து ஒரு சின்னத் தடிமன், இருமல் தொத்தினாலே திரும்ப ஆஸ்பத்திரிதான் எண்டு டொக்டர் சொன்னவர். அக்கா ஒதுக்கி வைச்சிருக்கிறது என்னை இல்லை, உங்கள் எல்லாரையும்தான்!”