சர்க்கரை இல்லாத சூயிங்கம்

“புள்ள பெத்து முழுசா ஒரு நாள் ஆகல. மருமக சூயிங்கம் மென்னுக்கிட்டுப் படுத்திருக்கா. நீயும் பாத்துக்கிட்டு நிக்கிற, செல்லம்.”

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததும் சிங்கப்பூர் பெரியம்மா தன் தங்கை செல்லத்திடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். எல்லைப் பாலத்து டிராஃபிக் ஜாமில் மாட்டி வந்த கடுப்பு வேறு. தொட்டிலில் தூங்கும் குழந்தையை அவர் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

ஷர்மினி சட்டென்று மெல்வதை நிறுத்தினாள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்த வயிறு பானை மாதிரி உப்பிக் கிடந்தது. காத்து பிரியவில்லை. அசைந்தால் உயிர் போனது. பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுக்க முடியவில்லை.

“மிஸ்ஸிதான் மெல்லச் சொன்னாங்க, பெரியம்மா.”

பக்கத்துக் கட்டிலில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், மிஸ்ஸி ஷாமளா, சிரித்துக்கொண்டே வந்தாள்.

“ஆமா ஆன்ட்டி. வாய் மென்னா, சாப்பாடு வருதுன்னு குடல் ஏமாந்துபோய் வேலையை ஆரம்பிச்சிடும். ஆபரேஷன் ஆனவங்கள்ல பாதிப் பேருக்கு இந்தச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காம ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. மென்னவங்களுக்குச் சீக்கிரமா காத்து பிரிஞ்சிருக்கு.”

“அதையெல்லாம் ஒருத்தன் பக்கத்துல உக்காந்து கவனிச்சானாக்கும்.”

“எங்களுக்கு அதுவும் ஒரு வேலை லா, ஆன்ட்டி.”

ஷாமளா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பெரியம்மா விடவில்லை.

“எங்க சிங்கப்பூர்ல இந்தக் கருமத்தைக் கடையில விக்கவே விடமாட்டாங்க. நாங்கெல்லாம் பெத்துக்கலையா? நம்ம சனம் என்ன பேசும்? புள்ள பெத்தவ மாடு மாதிரி அசைபோடறான்னு சொல்லாதா?”

சொல்லப்போவது யார் என்று எல்லாருக்கும் தெரியும். குடும்ப வாட்சாப்பில் பெரியம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டால் லாயாங் லாயாங் ஊர்ச் சொந்தக்காரர்கள் வரைக்கும் கேட்கும்.

ஷர்மினி சூயிங்கத்தைத் துப்பி, தாளில் சுருட்டினாள். கண் கலங்கிவிட்டது.

“எங்க அந்த டப்பா?” செல்லத்தின் குரல் கறாராக வந்தது. “குடு இப்படி.”

ஷர்மினி தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“அப்படிக் கேளு,” என்றார் பெரியம்மா.

செல்லம் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டார். இன்னொன்றையும் போட்டார். சப்புச் சப்பென்று மென்றார்.

“உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?”

“இனிப்பாத்தான்க்கா இருக்கு. ஒண்ணு வேணுமா?”

“அவளாவது சின்னப் பொண்ணு. இந்த வயசுல உனக்கு வெக்கமா இல்ல?”

பெரியம்மா கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டும்போதே போன் வாயருகே போய்விட்டது. “இந்தக் கூத்தைக் கேளுங்க. நம்ம செல்லம் இருக்காளே...”

ஷர்மினி மெதுவாக ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மாமியார் உட்கார்ந்தபடியும் மருமகள் படுத்தபடியும் மென்றார்கள்.

சாயந்திரம் டீ வண்டி வருவதற்குள் போர்வைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம். ஷாமளா கைதட்டினாள். தூக்கம் கலைந்து பிள்ளை அழுதது. இந்தத் தடவை ஷர்மினி தானே எழுந்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

செல்லம் மட்டும் கைகழுவும் தொட்டியை விட்டு நகரவில்லை. கழற்றிய பல் செட்டு முழுக்க சூயிங்கம் அப்பியிருந்தது. பிரஷால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“பல் செட்டை வெச்சுக்கிட்டு உங்களுக்கு ஏன் அத்தை இந்த ஆசை?”

செல்லம் பொக்கை வாயோடு திரும்பினார்.

“ஆசையா? எங்கக்கா எங்க வந்தாலும் யாரையாவது பேசாமப் போகமாட்டா. இந்தத் தடவை என்னைப் பேசட்டும். நீ புள்ளைக்குப் பாலைக் குடு.”