விழாத அடி

ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கும் ஒரு கிழவரிடம், டிரம்ஸோடு சேர்த்துக் குச்சியால் அடிக்கும் ஒரு வெண்கலத் தட்டு நாற்பது வருடமாக இருந்தது. ஒருநாள் கச்சேரிக்குப் போகும் வழியில் அதன் விளிம்பில் விரிசல் விட்டது.

"மெதுவாகத் தட்டினால் தெரியாது, அண்ணே. ஆனா கடைசிப் பாட்டு முடியிற இடத்துல என்னை ஓங்கி ஒரு அடி அடிப்பாரே. தகர டப்பா மாதிரி கத்திடுவேன். நாளைக்குக் காயலான் கடைதான்" என்றது தட்டு, பெரிய டிரம்மிடம்.

"இத்தனை வருஷமா கடைசி வார்த்தை உன்னுதுதானே? இன்னைக்கும் சொல்லு, கேப்போம்" என்றது பெரிய டிரம். அதற்கு அந்த வயிற்றெரிச்சல் வெகுநாளாக உண்டு.

கிழவர் வந்து, உட்காருமுன் வழக்கம்போலத் தட்டின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். விரிசலில் விரல் நின்றது. பிறகு வாசிக்க உட்கார்ந்தார்.

கடைசிப் பாட்டின் கடைசி இடம் வந்தது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றன. குச்சி உயர்ந்தது, வேகமாக இறங்கியது, தட்டுக்கு ஓர் அரிசி அளவு மேலே அப்படியே நின்றுவிட்டது.

அடி விழவேண்டிய அதே கணத்தில் அரங்கிலிருந்த முந்நூறு தலைகளும் ஒன்றாக அசைந்தன. கைதட்டல் பிறகுதான் வந்தது.

கிழவர் தட்டைக் கழற்றி, பழைய கம்பளித் துணியிலேயே பத்திரமாகச் சுற்றினார்.

துணிக்குள்ளிருந்து தட்டு கேட்டது: "என்னைத் தொடவே இல்லையே, அண்ணே. எல்லாருக்கும் எப்படிக் கேட்டுச்சு?"

அந்தக் கணத்தில் யாரும் அடிக்காத பெரிய டிரம்மின் தோல் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.