பதிவாகாத ஓட்டம்

காட்டோரத்து முயல் ஒன்று முன்னங்காலில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு தினமும் காலையில் ஓடும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று வாட்ச் சொன்ன பிறகுதான் அதற்குத் தொண்டையில் புல் இறங்கும்.

ஒருநாள் புதரிலிருந்து நரி பாய்ந்தது. முயல் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடியது. பள்ளம் தாண்டி, முள்வேலிக்குள் புகுந்து, நரி மூச்சிரைத்து உட்கார்ந்த பிறகுதான் நின்றது. நின்றதும் ஆவலோடு வாட்சைப் பார்த்தது. சார்ஜ் தீர்ந்து திரை இருண்டு கிடந்தது. முயலுக்கு அழுகை வந்துவிட்டது.

"அதான் உயிர் தப்பிச்சிட்டியே, அப்புறம் என்ன?" என்றது அங்கே இரை பொறுக்கிக்கொண்டிருந்த கௌதாரி.

"இவ்வளவு வேகமா ஓடினேன்னு எதை வச்சுச் சொல்றது?"

"நரி பார்த்துச்சே."

"நரி சொன்னா யாரு நம்புவா?"

அன்று முழுக்க முயல் பட்டினி கிடந்தது. மறுநாள் வாட்சுக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நேராக நரியின் வளைக்கே போய் நின்றது.

"அண்ணே, நேத்து மாதிரியே இன்னொரு தடவை துரத்துங்க. இந்தத் தடவை பதிவாயிடும்."

நரி சாவகாசமாக எழுந்து உட்கார்ந்தது. "அதுக்கென்ன தம்பி, துரத்திட்டாப் போச்சு. முதல்ல கிட்ட வா, வாட்ச் சரியா ஓடுதான்னு பார்த்துடலாம்."

முயல் பெருமையோடு முன்னங்காலை நீட்டியது.